உதிர வேண்டியவை உதிராதபோது...

என்னிடம் ஒரு பழைய சிங்கர் தையல் மெஷின் இருக்கிறது. அதன் லாச்சிக்குள் நூல்கட்டைகளுக்கும் பட்டன்களுக்கும் அடியில் நான்காக மடித்த ஒரு காகிதத் துண்டு கிடக்கிறது. நாவலப்பிட்டியின் ஈரம் பட்டுப் பட்டு, அதிலுள்ள எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன. இனி அதனால் யாருக்கும் பயனில்லை. ஆனாலும், அதைத் தூக்கி எறிய எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் பேரனின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது.

ஒட்டிப் பிறந்த விரல்கள்

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் மூத்த மகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. நல்ல நிறை, நல்ல அழுகை. துணியை விலக்கிக் கையைப் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் அடியிலிருந்து நுனிவரை தோலால் ஒட்டியிருந்தன. இரண்டு நகங்கள் இருந்தன. இரண்டு விரல்கள் இல்லை.

மகள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிள்ளை பார்க்க வந்தவர்கள் முகத்துக்கு முன்னால் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள். குசினிக்குள் போனதும் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "கிரகணத்தண்டு மெஷின் மிதிச்சிருப்பா. சேத்துத் தைச்சதுதான் புள்ளட கையில பட்டிருக்கு" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. என் மகள் பிள்ளைக்கு வேண்டிய சட்டைகளையெல்லாம் கர்ப்பக் காலத்தில் என் மெஷினில்தான் தைத்திருந்தாள். அந்தப் பேச்சு அவளுக்கும் எட்டியது. அதன் பிறகு அவள் அந்த மெஷின் இருக்கும் பக்கமே போகவில்லை. தன் கையாலேயே தன் பிள்ளையின் கையைத் தைத்துவிட்டதாக அவள் நம்பத் தொடங்கிவிட்டாள். பிள்ளையின் கையைவிட அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

கண்டியில் ஒரு பெண் டொக்டரிடம் காட்டினோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்புகள் தனித்தனியாகவே இருக்கின்றன, தோலும் சதையும்தான் ஒட்டியிருக்கின்றன, ஒன்று ஒன்றரை வயதில் பிரித்துவிடலாம் என்றார். மகள் தயங்கித் தயங்கிக் கிரகணக் கதையைச் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை.

"கிரகணம் வந்தது உங்களுக்கு எத்தனையாவது மாதம்?" என்று கேட்டார்.

"ஏழாவது மாதம், டொக்டர்."

"விரல்கள் பிரிகிற வேலை இரண்டாவது மாதத்திலேயே முடிந்துவிடும். நீங்கள் மெஷினில் உட்கார்ந்தபோது இந்தப் பிள்ளையின் கை எப்போதோ இப்படி அமைந்துவிட்டது. உங்கள் மேல் எந்தப் பிழையும் இல்லை."

பிறகு அவர் விளக்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கருப்பையில் ஒரு கை உருவாகும்போது ஐந்து விரல்களும் ஐந்து தளிர்கள்போல் தனித்தனியாக முளைப்பதில்லையாம். முதலில் ஓர் அகப்பைபோல் தட்டையாகத்தான் கை தோன்றும். அதற்குள் விரல்கள் உருவாகும். விரல்களுக்கு இடையில் இருக்கிற கலங்கள், ஏறத்தாழ ஆறாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில், தாமாகவே இறந்து மறைந்துவிடும். தட்டிய மாவில் நாம் வேண்டிய வடிவத்தை வெட்டிக்கொண்டு மிச்ச மாவை எடுத்துவிடுகிறோம் அல்லவா? அதுபோலத்தான். மிச்சம் போனால்தான் வடிவம் வரும்.

"இந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் இறக்க வேண்டிய கலங்கள் இறக்கவில்லை" என்றார் டொக்டர். ஏறக்குறைய இரண்டாயிரம், மூவாயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறதாம். சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். பலருக்குக் காரணமே தெரியாது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என் மகள் மெஷினைத் திறந்து, பாதியில் நின்றிருந்த ஒரு சட்டையைத் தைத்து முடித்தாள்.

பலாமரம் சொன்ன பாடம்

என் இளைய மகள் அப்போது உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். டொக்டர் சொன்னதை நான் சொன்னதும், "உம்மா, இது எங்கட பாடத்திலயும் இருக்கு" என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாங்கள் இங்கே கலம் என்று படிக்கிறோம். தமிழ்நாட்டில் அதையே செல் என்கிறார்கள். நம் உடல் இலட்சம் கோடிக் கணக்கான கலங்களால் ஆனது. அவற்றில் ஒவ்வொன்றுக்குள்ளும், தன்னைத் தானே முடித்துக்கொள்வதற்கான ஏற்பாடும் சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. இதற்குத் திட்டமிட்ட கல இறப்பு என்று பெயர்.

"இறப்பு என்றால் எல்லாம் ஒன்றுதானே?" என்று கேட்டேன். அவள் என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

எங்கள் பின்வளவில் ஒரு பலாமரம் நிற்கிறது. மழைக்காலத்துக் காற்றில் அதன் கொப்பு ஒன்று முறிந்து தொங்கியது. அந்தக் கொப்பிலிருந்த இலைகள் கருகிச் சுருண்டிருந்தன. ஆனால் ஒன்றுகூட விழவில்லை, கொப்போடு ஒட்டிக்கொண்டே கிடந்தன. உயிரோடு நிற்கிற மற்றக் கொப்புகளிலோ முற்றிய இலைகள் மஞ்சளாகிப் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தன. இலை உதிர்வது மரம் செய்கிற வேலை. காம்பின் அடியில் மரமே பிடியைத் தளர்த்தி இலையை விடுகிறது. கொப்பு முறிந்துவிட்டால் அந்த வேலையைச் செய்ய அங்கே உயிர் இல்லை. ஆகவே, இலை காய்ந்தாலும் உதிர்வதில்லை.

எத்தனையோ வருடங்களாக அந்த மரத்தடியைக் கூட்டிப் பெருக்குகிறேன். இதை நான் கவனித்ததே இல்லை!

கலங்களும் இரண்டு விதமாக இறக்கின்றன. கொதிதண்ணீர் கையில் கொட்டினால் கலங்கள் வெடித்துச் சிதறி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வழிந்து, அந்த இடம் சிவந்து வீங்கிப் புண்ணாகிறது. அது விபத்துச் சாவு. திட்டமிட்ட இறப்பு அப்படியல்ல. கலம் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். தனக்குள்ளே இருக்கிற காஸ்பேஸ் என்னும் நொதியங்களை எழுப்பிவிட்டு, தன் டீ.என்.ஏ.யைத் தானே துண்டு துண்டாக்கும். கடைசியில் சின்னச் சின்னப் பொதிகளாகப் பிரிந்துவிடும். அந்தப் பொதிகளை அயலில் இருக்கிற கலங்கள் விழுங்கித் துப்புரவாக்கிவிடும். வீக்கமில்லை, சீழில்லை, நோவில்லை. நமக்குத் தெரியாமலேயே எல்லாம் முடிந்துவிடும்.

1972இல் ஜோன் கெர், அன்ட்ரூ வைலி, அலஸ்டயர் கரி என்ற மூன்று விஞ்ஞானிகள் இந்த இறப்புக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு கிரேக்கச் சொல். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதையே அது குறிக்கும். பிறகு, ஒரு மில்லிமீற்றர் நீளமே உள்ள ஒரு புழுவை ஆராய்ந்தவர்கள், அது வளரும்போது உண்டாகும் 1090 கலங்களில் சரியாக 131 கலங்கள் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் இறக்கின்றன என்று கண்டார்கள். அந்த ஆராய்ச்சிகளுக்காக சிட்னி பிரென்னர், ரொபர்ட் ஹொர்விட்ஸ், ஜோன் சல்ஸ்டன் ஆகிய மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

வாற்பேத்தைக்கு வால் மறைவது இப்படித்தான். தாராவின் கால் விரல்களுக்கிடையே அந்த இறப்பு நடக்காததால்தான் அதற்கு நீந்துவதற்குச் சவ்வு இருக்கிறது. வளர்ந்த மனிதரின் உடலில் ஒவ்வொரு நாளும் ஐயாயிரம் கோடிக்கும் மேற்பட்ட கலங்கள் இப்படி விடைபெற்றுப் போகின்றன. குடலின் உட்சுவர் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் புதிதாகிவிடுகிறது. போவதும் வருவதும் சமமாக இருக்கிறவரை நாம் சுகமாக இருக்கிறோம்.

அந்தக் கணக்கு ஒரு பக்கம் சரிந்தால் நோய். இறக்கக் கூடாத கலங்கள் இறந்தாலும் நோய்தான். சிறு பிள்ளைகளுக்கு வருகிற முதலாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் கலங்கள் அழிந்துபோகின்றன. கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோயில் மூளையின் ஒரு பகுதிக் கலங்கள் அழிகின்றன. இறக்க வேண்டிய கலங்கள் இறக்க மறுத்தால் வருவது எது என்பதைத்தான் நான் அதே வருடத்தில், என் வீட்டிலேயே கண்டேன்.

உம்மாவின் வெற்றிலைத் தட்டு

உம்மா எங்களோடுதான் இருந்தார். அறுபத்தெட்டு வயது. என் நினைவு தெரிந்த நாளிலிருந்து உம்மாவின் பக்கத்தில் வெற்றிலைத் தட்டும் பாக்குவெட்டியும் இருக்கும். சுபஹுக்குப் பிறகு ஒன்று, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, பகலில் கணக்கில்லை. இரவு சில நேரம் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே தூங்கிவிடுவார். நாங்கள் ஏதாவது சொன்னால், "நான் புகையில போடுறதில்லயே மகள். வெறும் பாக்குத்தானே... இது நல்லது, வாய் மணக்கும்" என்பார். கலியாண வீட்டில் வெற்றிலைத் தட்டு இல்லாமல் எந்தக் காரியம் நடக்கிறது? அதனால் நாங்களும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை.

பேரனுக்கு நாற்பது நாள் ஆன அன்று வீட்டில் ஆட்கள் கூடியிருந்தார்கள். உம்மா சோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்து, வலது பக்கமாக மட்டும் மென்றுகொண்டிருந்தார். இறைச்சிக் கறியைத் தொடவில்லை. யோசித்துப் பார்த்தால், பல மாதங்களாகவே உம்மா உறைப்பை ஒதுக்கி வந்தது நினைவுக்கு வந்தது. வயதாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அன்று இரவு டோர்ச்சை எடுத்துக்கொண்டு, "வாயத் திறங்க உம்மா" என்றேன். "ஒண்டும் இல்ல மகள், சுண்ணாம்பு பட்டு புண்ணாகி ஈக்கி" என்றார். முழுதாகத் திறக்க அவரால் முடியவில்லை. இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. இடது கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு புண். ஓரமெல்லாம் தடித்து, கல்போல் இருந்தது. தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தேன். அங்கும் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

அப்போதுதான் எனக்கு அந்தத் துண்டு ஞாபகம் வந்தது.

2011ஆம் ஆண்டு, என் தம்பியின் மனைவி கர்ப்பமாக எங்கள் வீட்டில் இருந்தாள். அவளைப் பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ்ஸி போகும்போது உம்மாவுடன் பேசிக்கொண்டு நின்றார். உம்மாவின் வாயைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் திறங்கம்மா" என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கன்னத்துக்குள் பாலாடை ஒட்டியதுபோல் ஒரு வெள்ளைத் தழும்பு. துடைத்தால் போகவில்லை. நோவும் இல்லை. "இது இப்ப ஒண்டுமில்லாம இருக்கலாம். ஆனா கட்டாயம் காட்டணும்" என்று பல் கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதி என் கையில் தந்தார்.

அந்த நேரம் மூத்த மகளின் கலியாணத்துக்கு ஒரு மாதந்தான் இருந்தது. நான் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். துண்டை லாச்சிக்குள் போட்டேன். கலியாணம் முடியட்டும், போவோம் என்று நினைத்தேன். கலியாணம் முடிந்தது. பிறகு நோன்பு வந்தது. பெருநாள் வந்தது. உம்மாவும் கேட்கவில்லை, நானும் லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் நூலை மட்டும் எடுத்துக்கொண்டு மூடினேன்.

காவல்காரன் இல்லாத வீடு

மறுநாள் விடியற்காலையில் பஸ் ஏறிக் கம்பளை வழியாகப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போனோம். புண்ணின் ஓரத்தில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். நான் பயந்ததே முடிவாக வந்தது. வாய்ப் புற்றுநோய்.

அங்கிருந்த டொக்டர் எங்களுக்குச் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். நாவலப்பிட்டியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது விளங்குவதில் சிரமமில்லை. பாக்கும் சுண்ணாம்பும் நாள்தோறும் கன்னத்தின் உட்தோலைக் காயப்படுத்துகின்றன. காயம் ஆறுவதற்குக் கலங்கள் மறுபடியும் மறுபடியும் பிரிந்து பெருக வேண்டும். பாக்கில் இருக்கிற நச்சுகள் கலத்தின் டீ.என்.ஏ.யையும் பழுதாக்குகின்றன. பழுதடைந்த கலம் பெருகாமல் இருக்க, நம் உடலில் பி53 என்ற ஒரு புரதம் காவல்காரனாக இருக்கிறது. பழுது சிறிதென்றால் திருத்தச் சொல்லும். திருத்த முடியாதென்றால் அந்தக் கலத்தை இறந்துபோகச் சொல்லும். சில வேளை அந்தக் காவல்காரனே பழுதாகிவிடுகிறான். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பி53இன் மரபணு கெட்டுப்போயிருக்கிறது. அதன் பிறகு இறந்துபோ என்று சொல்ல ஆளில்லை. இறக்க வேண்டிய கலம் இறக்காமல் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி...

நான் என் பேரனின் கையை நினைத்துக்கொண்டேன். இந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கும், மூத்தவருக்கும் நேர்ந்தது ஏறக்குறைய ஒரே பிழை! அங்கே விரலுக்கிடையில் ஒரு முறை நடந்து நின்றுவிட்டது. அதைக் கத்தியால் பிரித்துவிடலாம். இங்கே அது நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இளைய மகள் உம்மாவுக்கு இதையெல்லாம் மெதுவாகச் சொன்னாள். உம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப, என்ட சொக்குக்குள்ள மௌத்தாக வேண்டியது மௌத்தாகாம நிக்கிறதாலதானா எனக்கு மௌத்து வரப் போகுது?" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

அன்றே வெற்றிலைத் தட்டைக் கழுவி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். "புகையிலை போடவில்லையே" என்று அவர் சொல்லி வந்தது பற்றி நான் டொக்டரிடம் கேட்டிருந்தேன். வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்வது புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலேயே சொல்லியிருந்ததாம். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் வெளியான அதன் அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. வாய் திறக்க முடியாமல் கன்னம் இறுகிப்போவதற்கும் பாக்குத்தான் காரணம். வாய்ப் புற்றுநோய் இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய்களில் முன்வரிசையில் நிற்கிறது. வெற்றிலை மெல்லும் பெண்களையும் அது விட்டுவைப்பதில்லை.

வராமல் போனவர்களில் ஒருத்தி

உம்மாவுக்குக் கன்னத்திலும் தாடையிலும் கழுத்திலும் பெரிய ஒபரேஷன் செய்தார்கள். பிறகு கண்டியில் ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சை. அந்தச் சிகிச்சையும் கலங்களின் டீ.என்.ஏ.யை உடைத்து, மறந்துபோன இறப்பை அவற்றுக்கு நினைவூட்டுகிற வேலைதானாம். ஆனால் பக்கத்தில் இருக்கிற நல்ல கலங்களும் அதில் அடிபடும். உம்மாவின் வாய் முழுவதும் வெந்துபோயிற்று. கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினோம்.

அந்த நாட்களில் இளைய மகள் எங்கோ படித்துவிட்டு வந்து ஒரு செய்தி சொன்னாள். 1980களின் தொடக்கத்தில் எங்கள் இலங்கையிலேயே டொக்டர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு முயற்சி செய்தார்களாம். கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பார்க்கக் கற்றுக்கொடுத்து, ஓராண்டில் 28,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்கச் செய்தார்கள். சந்தேகமான தழும்புகளை அந்த ஊழியர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் அந்த ஆய்வு வெளிவந்தது. ஆனால், "போய்க் காட்டுங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் காட்டப் போனார்கள்.

மற்றப் பாதியில் என்னைப் போன்றவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் கலியாணம் இருந்திருக்கும், நோன்பு வந்திருக்கும்.

கேரளத்தின் திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கி இதே வேலையைப் பெரிய அளவில் செய்தார்கள். ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். அதன் முடிவு 2005இல் வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாயைப் பார்த்த கிராமங்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவுகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஒரு டோர்ச்சும் இரண்டு கண்களும் செய்த வேலை அது! எங்கள் மிஸ்ஸி செய்ததும் அதுதான். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். நான்தான் என் வேலையைச் செய்யவில்லை.

2014இன் நடுப்பகுதியில் பேரனின் விரல்களைப் பிரித்தார்கள். இடையில் தோல் போதாமல், இடுப்புக்குக் கீழிருந்து கொஞ்சம் தோல் எடுத்து ஒட்டினார்கள். கட்டு அவிழ்த்த அன்று உம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு விரல்களுக்கிடையில் தன் சுண்டு விரலை விட்டு விட்டு எடுத்தார். பேச்சுத் தெளிவாக வராது. "பார்... பார்..." என்று மட்டும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அடுத்த வருடம் கழுத்தில் மீண்டும் கட்டி வந்தது. 2015இல் உம்மா வஃபாத்தானார்.

பேரன் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டான். இடது கையால்தான் எழுதுகிறான். அந்த விரலிடுக்கில் ஒரு மெல்லிய தழும்பு மட்டும் இருக்கிறது.

மருத்துவமும் நின்றுவிடவில்லை. 1988இல் அவுஸ்திரேலியாவில் டேவிட் வோக்ஸ் என்ற விஞ்ஞானி, பிசிஎல்-2 என்ற மரபணு கலங்களை இறக்கவிடாமல் தடுக்கிறது என்று கண்டறிந்தார். அந்தத் தடையை நீக்கும் வெனெட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரை 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கான மருந்து. வாய்ப் புற்றுநோய்க்கு உரியதல்ல. ஆனாலும், இறக்க மறந்த கலத்துக்கு அதன் கடமையை நினைவூட்ட மனிதன் கற்றுக்கொண்டு வருகிறான் என்பது பெரிய ஆறுதல்தான். நமக்கோ அதைவிட எளிய வழி ஒன்று கையிலேயே இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

அன்புச் சகோதரிகளே! மாதத்தில் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியின் முன் நின்று, வாயை நன்றாகத் திறந்து பாருங்கள். இரண்டு கன்னங்களின் உட்பக்கம், உதடுகளின் உட்புறம், ஈறு, அண்ணம், நாக்கின் மேலும் கீழும் இரண்டு ஓரங்களும், எல்லாவற்றையும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு, சிவப்புத் தழும்பு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், உறைப்புப் பட்டால் எரிவு, வாயைத் திறக்க முன்போல் முடியாமை, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி... இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். நோவில்லை என்று இருந்துவிடாதீர்கள். உம்மாவின் தழும்பு முதலில் நோகவே இல்லை. தழும்புகள் எல்லாமே புற்றுநோய் ஆவதுமில்லை. ஆனால் எது ஆகும், எது ஆகாது என்று நம்மால் சொல்ல முடியாது.

வீட்டில் வெற்றிலை போடுகிற உம்மாமார், மாமிமார், உம்மும்மாமார் இருந்தால் நீங்களே டோர்ச் அடித்துப் பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளின் கையில் இனிப்புப் பாக்குப் பைக்கற்றைக் கண்டால் வாங்கி எறியுங்கள். கலியாண வீட்டுத் தட்டில் வெற்றிலைக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் வைத்தால் யாருடைய மரியாதையும் குறைந்துவிடாது. அதோடு, ஏதாவது குறையோடு ஒரு பிள்ளை பிறந்தால், அதன் தாயைப் பார்த்துக் கிரகணக் கதை பேசாதீர்கள்.

கடைசியாக ஒன்று. யாராவது உங்கள் கையில் ஒரு துண்டு எழுதித் தந்து, காட்டுங்கள் என்று சொல்லியிருந்தால், அது இப்போது எங்கே இருக்கிறது? அலுமாரியிலா, ஹேண்ட்பேக்கிலா, மெஷின் லாச்சியிலா? இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அதைத் தேடி எடுங்கள். நாளைக் காலையிலேயே போய்விடுங்கள்.